அறுந்தது எங்கே?

வரும், போகும்! பேசிக்கொண்டிருக்கும்போதே ஊமையாகும், பெட்டியை அணைத்துப் போட்டால் மறுபடியும் வாய் திறக்கும். காலையில் கலகலப்பு, மாலையில் மௌனம், நள்ளிரவில் மீண்டும் உற்சாகம்! ஏன் வந்தது, ஏன் போனது என்று கேட்டால் எவரிடமும் விடை இல்லை. வீட்டு இணைய இணைப்பைத்தான் சொல்லுகிறோம், தோழர்களே!

அடியோடு அற்றுப்போன இணைப்பைச் சரிசெய்வது எளிது. தொழிலாளி வருவார், அறுந்த இடத்தைப் பார்ப்பார், இணைப்பார், போவார். ஆனால், இருபது நிமிடம் இருந்து இரண்டு நிமிடம் மறைகிற இணைப்பு இருக்கிறதே, அது மருத்துவர் வருகிற வேளையில் மட்டும் தணிந்துவிடுகிற காய்ச்சல்! பழுது பார்ப்பவர் வாயிற்படியில் கால் வைத்ததும் விளக்குகள் அத்தனையும் பச்சைப்பசேலென்று பல்லிளிக்கும். "நன்றாகத்தானே இருக்கிறது!" என்பார் அவர், கிளம்புவார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் பழைய கதை தொடங்கிவிடும்.

"இதற்கு ஒரு தலையங்கமா? படம் பாதியில் நின்றால் பாராளுமன்றமா கவிழ்ந்துவிடும்?" என்று கேலி பேசுவோர் உண்டு. பேசட்டும்! இன்று வேலைக்கான நேர்முகத் தேர்வு கைப்பேசித் திரையிலே நடக்கிறது. மகளின் பரீட்சைக்கு விண்ணப்பம் போடுவதும் பணம் கட்டுவதும் இணையத்திலே. வீட்டிலிருந்தபடி கணக்கெழுதிக் குடும்பத்தைக் காக்கும் பெண்ணுக்கு அந்தக் கம்பிதான் ஆலைவாயில். வளைகுடா வெயிலில் வேகும் மகனின் முகம் தாய்க்குத் தெரிவதும் அந்த வழியாகத்தான். 2019இல் கேரள உயர்நீதிமன்றம், கல்லூரி விடுதி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கிலே, இணையத்தைப் பெறுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம், காஷ்மீர் இணையத் தடை வழக்கிலே, இணையத்தின் வழியே பேசுவதும் தொழில் செய்வதும் அரசியல் சட்டத்தின் பாதுகாப்புக்குள் அடங்கும் என்றது. அவை பழுதான கம்பியைப் பற்றிய தீர்ப்புகள் அல்ல. எனினும், இணையம் பணக்காரன் வீட்டுப் பன்னீர்ச் செம்பு அல்ல, ஏழை வீட்டுக் குடிநீர்க் குடம் என்பதை நாட்டுக்கு உணர்த்திய தீர்ப்புகள்!

இணைப்பு விட்டுவிட்டு வருகிறது. பில் விட்டுவிட்டு வருகிறதா? கேட்கிறோம்! அது மட்டும் மாதம் தவறாமல், தேதி தவறாமல் வருகிறதே!

இந்தத் தொல்லைக்கு ஆளானோர் என்ன செய்கிறார்கள்? ஒருவர், "நம் நேரம் சரியில்லை" என்று பெருமூச்செறிகிறார். இன்னொருவர், மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவர்போல, நல்ல பெட்டியைத் தூக்கியெறிந்து, கடன் வாங்கிப் புதுப் பெட்டி வாங்குகிறார். அதுவும் அதே இடத்தில், அதே நேரத்தில் ஊமையாகிறது! மூன்றாமவர், தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் பெண்ணைத் திட்டித் தீர்க்கிறார். அந்தப் பெண்ணும் நம்மைப்போல் மாதச் சம்பளத்துக்கு உழைப்பவர்தான். "அணைத்துப் போடுங்கள்" என்பதற்குமேல் ஏதும் சொல்ல அவருக்கு அதிகாரம் தரப்படவில்லை. கம்பெனி நம் வைஃபையைக் குறை சொல்லும். பெட்டி விற்ற கடைக்காரர் கம்பெனியைக் குறை சொல்லுவார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

வேல்ஸ் நாட்டிலே அபெர்ஹோசன் என்றொரு சிற்றூர். அங்கே பதினெட்டு மாதங்கள், நாள்தோறும் காலை 7 மணிக்கு ஊர் முழுவதும் இணையம் தள்ளாடியது. பொறியாளர்கள் பலமுறை வந்தனர். சோதித்தனர். கம்பிகளையே மாற்றினர். பயன் இல்லை. இறுதியில், மின்காந்த இரைச்சலைக் கண்டறியும் கருவியைக் கையிலேந்தி, கொட்டும் மழையில், விடியற்காலையிலேயே ஊருக்குள் நடந்தனர். 7 மணி அடித்தது, கருவி அலறியது! எங்கிருந்து வந்தது அந்த இரைச்சல்? ஒரு வீட்டின் பழைய தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து! அந்த வீட்டார் நாள்தோறும் 7 மணிக்கு அதைப் போடுவார்கள்; அது கக்கிய மின் இரைச்சல் செம்புக் கம்பிகளில் ஏறி ஊரையே ஊமையாக்கியது. வீட்டாருக்கோ ஒன்றும் தெரியாது. பெட்டியை அணைத்தனர், பிணி தீர்ந்தது. 2020இல் உலகம் அறிந்த செய்தி இது.

பதினெட்டு மாதப் புதிரை அவிழ்த்தது எது? புதுக் கம்பியா? இல்லை. "7 மணி" என்ற அந்த ஒரு குறிப்பு! தோழர்களே, நேரம் சரியில்லை என்று புலம்பாதீர்கள். நேரத்தைக் குறித்து வையுங்கள்! வந்து வந்து போகும் பழுதுக்கும் காரணம் உண்டு. அந்தக் காரணம் எப்போது வருகிறதோ, அப்போதுதான் பழுதும் வருகிறது.

ஒரு பழைய நோட்டு போதும். எந்த நாள், எத்தனை மணிக்குப் போனது, எத்தனை நிமிடம் கழித்து வந்தது, அப்போது எந்த விளக்கு எரிந்தது, மழையா, காற்றா, மின்தடையா என்று ஒரு வாரம் எழுதுங்கள். எழுதுவதோடு, எங்கே அறுகிறது என்றும் பாருங்கள். கம்பெனியின் நிலையத்திலிருந்து தெருக்கம்பம் வரை ஒரு கண்ணி. கம்பத்திலிருந்து வீடு வரை ஒரு கண்ணி. வீட்டுப் பெட்டி ஒரு கண்ணி. பெட்டியிலிருந்து கைப்பேசி வரையுள்ள காற்று ஒரு கண்ணி. நான்கில் எது அறுந்தாலும் திரையிலே தெரிவது ஒன்றுதான்: சுழலும் வட்டம்!

முதலில் சங்கிலியை வீட்டுக்குள், வீட்டுக்கு வெளியே என்று இரண்டாகப் பிரியுங்கள். இணையம் போன அந்த நிமிடத்தில், கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்து, வைஃபையில் மட்டும் இருந்துகொண்டு, பெட்டியின் அடியில் அச்சிட்டுள்ள முகவரியைப் பிரவுசரில் தட்டுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 என்றிருக்கும். பெட்டியின் பக்கம் திறக்கிறதா? காற்று வழி சரி. அறுந்தது அதற்கு அப்பால். திறக்கவில்லையா? குற்றவாளி வீட்டுக்குள்ளே! கணினி உள்ளவர்கள் அதைக் கம்பியால் பெட்டியோடு இணைத்து, பெட்டியின் முகவரிக்கு ஒரு பிங், வெளியே 8.8.8.8 என்ற முகவரிக்கு ஒரு பிங் என இரண்டையும் ஓடவிடட்டும். இரண்டும் நின்றால் பழுது வீட்டுக்குள். வெளியே போவது மட்டும் நின்றால் பழுது பெட்டியைத் தாண்டி. இரண்டும் ஓடும்போதே பக்கங்கள் திறக்கவில்லையென்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். தடுமாறுகிறது என்று பொருள். பெட்டியின் அமைப்பில் வேறு டி.என்.எஸ். முகவரியைக் கொடுத்துப் பார்க்கலாம்.

குற்றவாளி வீட்டுக்குள்ளே என்றால், பெட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னாலும் டி.வி.க்கு அடியிலும் அதைச் சிறை வைத்துவிட்டு, சிக்னல் வரவில்லையே என்று சீறினால் யார் என்ன செய்ய முடியும்? வீட்டின் நடுவே, உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையிலே ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. பத்து வீடுகள் நெருங்கி நிற்கும் சந்திலே பத்துப் பெட்டிகளும் அந்த மூன்றுக்காக முட்டிக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. சோறு சூடாகும் நேரத்தில் இணையம் போனால் நோட்டு காட்டிக்கொடுத்துவிடும். அருகில் அமர்ந்திருப்போர் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறலாம்; நெரிசல் குறைவு. ஆனால் அது சுவர் தாண்ட இளைக்கும்.

அடுத்து, மின்சாரம். இணையம் போகும்போது பெட்டியின் விளக்குகள் எல்லாம் அணைந்து, பிறகு ஒவ்வொன்றாக எரிகின்றனவா? பெட்டி தானே செத்துப் பிழைக்கிறது என்று பொருள். தளர்ந்துபோன அடாப்டர், ஆடுகிற பிளக், தகரக் கூரையின் கீழ்ச் சித்திரை வெயிலின் சூடு ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். அடாப்டரை மாற்றுவோர், அதே வோல்ட், ஆம்பியர் குறையாமல் பார்த்து வாங்குக.

விளக்குகள் அணையவில்லை, எல்.ஓ.எஸ். என்று எழுதிய இடத்தில் மட்டும் சிவப்பு மின்னுகிறதா? ஃபைபர் வழியே ஒளி வரவில்லை என்று பெட்டி சாட்சி சொல்லுகிறது! சட்டியில் இல்லாதது அகப்பையில் எப்படி வரும்? ஃபைபரின் நடுவே ஒளி ஓடும் பகுதி தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி. கதவிடுக்கில் நசுங்கினாலோ, ஆணியில் முறுக்கி மாட்டினாலோ, வளைவிலே ஒளி கசிந்துவிடும். வீட்டுக்குள் கம்பி நேராக இருந்தும் காற்றடிக்கும்போதெல்லாம் சிவப்பு மின்னினால், கம்பத்து இணைப்பையோ அணில் கடித்த கம்பியையோ கம்பெனிதான் பார்க்கவேண்டும். ஃபைபர் முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கக்கூடியது. பெட்டியில் ஊசித்துளையாக இருக்கும் ரீசெட்டையும் குத்தாதீர்கள். கம்பெனி பதித்த அமைப்புகள் அழிந்தால், விட்டுவிட்டு வந்த இணையமும் வராமற் போகும்.

இவ்வளவும் பார்த்து, பழுது வெளியே என்று தெரிந்துவிட்டதா? இனிக் கெஞ்சவேண்டியதில்லை, கேட்கவேண்டும்! "அடிக்கடி போகிறது" என்று சொன்னால் அது புலம்பல். "இந்த வாரத்தில் இத்தனை முறை, இன்ன தேதி, இன்ன மணி, இத்தனை நிமிடம், அப்போதெல்லாம் எல்.ஓ.எஸ். சிவப்பு" என்று சொன்னால் அது சாட்சியம்! புகார் கொடுத்ததும் அதற்கான எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 2012ஆம் ஆண்டின் டிராய் ஒழுங்குமுறைப்படி, புகார் மையத்தின் தீர்வு திருப்தி தராவிட்டால் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்புக் குறைகளை அங்கே கொண்டு போகமுடியாது என்று கம்பெனிகள் வாதாடிய காலம் உண்டு; 2022 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. அங்கே வழக்கறிஞர் இல்லாமல் நாமே பேசலாம். நமக்காக அந்த நோட்டும் பேசும்!

ஒரு வீட்டின் நோட்டுக்கே இவ்வளவு வலிமை என்றால், ஒரு தெருவின் பத்து நோட்டுகளுக்கு? பத்திலும் அதே நேரம் குறித்திருந்தால், "உங்கள் வைஃபைதான் சரியில்லை" என்று எவர் சொல்ல முடியும்? படித்த பிள்ளைகள் இதைத் தெருவுக்குச் செய்யும் தொண்டாகக் கொள்ளட்டும். எழுதத் தெரியாத பாட்டிக்கும் எழுதிக் கொடுக்கட்டும். பழுதுபார்க்க வரும் தொழிலாளியிடம் சினம் வேண்டாம், நோட்டைக் காட்டுங்கள். எங்கே தேடுவது என்று தெரியாமல் கம்பம் கம்பமாக ஏறி இறங்கும் அவருக்கும் அது வழிகாட்டி.

அறுந்தது எங்கே என்று தெரியாதவரை, எவரும் நம்மை எங்கும் அலைக்கழிக்கலாம். தெரிந்துவிட்டால், பதில் சொல்லவேண்டியது அவர்கள் பொறுப்பு! இன்றிரவு இணையம் போனால் பெட்டியைத் தட்டாதீர்கள், தோழர்களே. கடிகாரத்தைப் பாருங்கள், பேனாவை எடுங்கள்!