எல்லை தாண்டினால் சட்டமும் வேறு!

பாகூர்க்காரர்களுக்கு அயல்நாட்டுச் சட்டம் புதிதல்ல. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பாகூரிலிருந்து புதுச்சேரிக்கு வண்டி கட்டினால், நடுவே இந்திய மண்ணைத் தாண்ட வேண்டும். எல்லாம் தமிழ் ஊர்கள்தான். சட்டம் மட்டும் வேறு! 1949-ல் சுங்க ஒப்பந்தம் முடிந்ததும், இந்தியா எல்லையில் சுங்கக் காவல் போட்டது. இரு அரசுகளுக்கும் மனக்கசப்பு. அது மூட்டை தூக்கியவன் தலையில் விடிந்தது. 1954 நவம்பர் 1-ந் தேதி ஆட்சி கைமாறியது, தொல்லை ஒழிந்தது.

இன்று பாகூர், வில்லியனூர்ப் பிள்ளைகள் துபாய்க்கு விமானம் ஏறுகிறார்கள். அம்மா ஆசையாகப் பெட்டியில் வைப்பது என்ன? குருமாவுக்குக் கசகசா! நமக்கு அது மளிகைச் சாமான். அது அபினிச் செடியின் விதை. அங்கே தடை செய்த பொருள். சிங்கப்பூரிலும் கட்டுப்பாடு உண்டு. "தெரியாது" என்ற பதில் அங்கே செல்லாது.

பிடிபட்டவர், இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கலாம். 1963-ம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை தந்த உரிமை அது. தூதரக அதிகாரி வந்து பார்ப்பார். வக்கீல் வைக்க உதவுவார். வழக்கை ரத்து செய்ய அவரால் ஆகாது.

நாடுகளுக்குள் பகை என்றால் அந்த உதவியும் எளிதில் வராது. பாகிஸ்தான் 2016-ல் பிடித்த குல்பூஷண் ஜாதவை, உலக நீதிமன்றம் 2019-ல் தீர்ப்புச் சொன்ன பிறகே இந்திய அதிகாரி பார்க்க முடிந்தது.