கள்முட்டியிற் கற்கத்தக்க பாடம்

கள்ளுண்ணாமையைப் பல்லாண்டு கற்பித்துவரும் யாம் கள்முட்டியைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு அன்பர்கள் நகைத்தல் கூடும். எமது வழக்குக் கள்ளைப் பற்றியதன்று. அதில் வாழும் மதுவத்தைப் பற்றியது.

உயிரியல் பயிலும் மாணவருட் பலர் கலவட்டத்தின் அவத்தைகளைப் பிழையின்றி ஒப்புவிப்பர். அவை அவ்வொழுங்கில் நிகழ்வது எற்றுக்கு என வினவின் வாளாவிருப்பர். இது மாணவர் குற்றமன்று. அடுக்களையில் நிகழ்வதைப் பாடநூலோடு பொருத்திக் காட்டுவார் அவர்க்கு வாய்த்திலர்.

நெல்லியடியில் அப்பமாவுக்குக் கள் விட்டுப் புளிக்கவைக்கும் தாய்மார் மதுவத்தை வேலைகொள்பவரே. பாளையினின்று வடியும் இனிய நீரில் அது தானே வந்து பெருகும். முட்டியினுட் சுண்ணாம்பு பூசின் பெருகாது, கருப்பநீர் கிடைக்கும். நல்லுணவு வாய்ப்பின் ஏறத்தாழ 90 நிமிடத்தில் ஒரு கலம் அரும்பி இரண்டாகும். அதற்குமுன், 16 நிறமூர்த்தங்களில் அமைந்த டி.என்.ஏ. எனும் பரம்பரைச் சுவடியை, ஏறக்குறைய 1 கோடியே 20 இலட்சம் எழுத்துச் சோடிகளை, அது முற்றாகப் படியெடுத்தல் வேண்டும். ஓரிடத்திலே தொடங்கின் காலம் போதாது. ஆதலின் பல நூறு இடங்களிற் படியெடுப்புத் தொடங்குகின்றது. ஈண்டுதான் வியப்பு. எவ்விடமும் ஒரு வட்டத்தில் இருமுறை தொடங்கலாகாது. தொடங்குதற்கு வேண்டிய புரதங்கள் முன்னரே அவ்விடங்களில் ஏற்றப்படுகின்றன. பின்னர், தொடங்குமாறு ஏவும் நொதியமே மீண்டும் ஏற்றுதலைத் தடுத்தும் விடுகின்றது. கதவைத் திறந்த கையே தாழிடுதல் போல. ஏடு பெயர்த்தெழுதியோர் ஓரடியை இருகால் எழுதிய இடங்கள் பல. மதுவம் அவரினும் விழிப்புடையது!

கலவட்டத்தை ஆளும் பரம்பரையலகுகளை மதுவத்திற் கண்ட ஹாட்வெல், நேர்ஸ் இருவரும், ஹன்ற் என்பாரும் 2001இல் நோபெற் பரிசைப் பகிர்ந்தனர். நேர்ஸ் ஆராய்ந்த மதுவ இனம் முதன்முதற் பெறப்பட்டது கிழக்காபிரிக்கச் சிறுதானிய மதுவிலிருந்து. அதன் பெயரிலுள்ள 'பொம்பே' என்பது சுவாகிலி மொழியில் அம்மதுவையே குறிக்கும்.

அயல்நாடு செல்லும் பிள்ளைக்குத் தமிழ்க் கலைச்சொல் எதற்கென்பாரும் உளர். 'மதுவம்' என்ற சொல்லே அவ்வுயிர் எங்கு வாழுமென உரைத்துவிடும். 'ஈஸ்ற்' எம் பிள்ளைக்கு ஒன்றும் உரையாது. பொருள் விளங்கியபின் ஆங்கிலப் பெயரைக் கற்க ஒருநாட்பொழுது போதும்.

பழைய மாணவர் இவ்விழாவையொட்டி வழங்க விழையும் நன்கொடையில் ஒரு பகுதியேனும், மண்டபச் சுவரின் வர்ணத்துக்கன்றி, நுணுக்குக்காட்டிகளுக்குச் செல்லல் வேண்டுமென்பது எமது துணிபு. கள் ஒரு துளி ஊரிலேயே கிடைக்கும். அதனை வகுப்பறைக்குக் கொணர அதிபரின் இசைவை யாமே கேட்டுப் பெறுவோம்.