பெரிய ஃபெண்டர் என்றால் கூடுதல் பாதுகாப்பா? கொச்சி துறைமுகம் உணர்த்தும் பாடம்

கொச்சி: பெரிய கப்பல் ஒன்று ‘பெர்த்’ எனப்படும் அணையும் துறைக்கு வரும்போது, அதன் மோதலை முதலில் தாங்குபவை ‘ஃபெண்டர்’ எனப்படும் ரப்பர் தாங்கிகளே. இவற்றின் தேர்வு தவறினால் கப்பலின் பக்கச்சுவரோ, பெர்த்தின் தூண்களோ சேதமடையும். பல காலகட்டங்களில் கட்டப்பட்ட பெர்த்துகள் ஒரே துறைமுகத்தில் இயங்கும் கொச்சியில் இக்கேள்வி கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

ஒரு துறைமுகம், பலவகைக் கப்பல்கள்

1920-இல் கொச்சி வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் திட்டப்படி, காயலில் தோண்டிய மண்ணைக் கொண்டு வில்லிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. அதன் ஒருபுறம் மட்டாஞ்சேரி வார்ஃப், மறுபுறம் எர்ணாகுளம் வார்ஃப் அமைந்தன. பின்னர் 2011-இல் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையம், 2013-இல் புதுவைப்பீன் திரவ இயற்கை எரிவாயு முனையம், 2021-இல் ‘சாகரிகா’ சொகுசுக் கப்பல் முனையம் ஆகியவை சேர்ந்தன. இவற்றுக்கு வரும் கப்பல்களின் எடை, உயரம், பக்கச்சுவரின் வலிமை ஆகியவை வெவ்வேறானவை. எனவே, ஒரு பெர்த்துக்குப் பொருந்தும் ஃபெண்டர் மற்றொன்றுக்குப் பொருந்தாமல் போகலாம்.

எடையைவிட வேகமே முக்கியம்

மோதலின் ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்திலும், வேகத்தின் இருமடிக்கு ஏற்பவும் உயரும். 1 லட்சம் டன் எடையுள்ள கப்பல் வினாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் அணைந்தால், அதன் இயக்க ஆற்றல் 500 கிலோஜூல். வேகம் 15 சென்டிமீட்டரானால் அது 1,125 கிலோஜூலாகிறது. அதாவது, வேகம் ஒன்றரை மடங்கானால் ஆற்றல் இரு மடங்கைத் தாண்டிவிடும். பருவமழைக் காலத்தில் காயல் நீர் கடலை நோக்கி விரைந்து பாயும் கொச்சியில், கரையணையும் வேகத்தை மதிப்பிடும்போது நீரோட்டத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நீர்வழிப் போக்குவரத்து உள்கட்டமைப்புக்கான உலக அமைப்பான ‘பியாங்க்’, 2002-ஆம் ஆண்டின் ஃபெண்டர் வழிகாட்டுதல்களுக்கு மாற்றாக 2024-இல் புதிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அந்தந்த இடத்தில் அளவிடப்பட்ட கரையணையும் வேகத்துக்கு அவை முக்கியத்துவம் அளிக்கின்றன.

பழைய தூண்களுக்குப் புதிய சுமை

ஃபெண்டர் ஆற்றலை உள்வாங்கும்போது, எதிர்விசையைக் கப்பலுக்கும் பெர்த்துக்கும் கடத்துகிறது. பழைய வார்ஃபில் மிகக் கடினமான ஃபெண்டரைப் பொருத்தினால், தூண்கள் முதலில் வடிவமைக்கப்பட்ட அளவைவிடக் கூடுதல் விசையைத் தாங்க நேரிடும். பெரிய எரிவாயுக் கப்பல்களின் பக்கச்சுவர் ஒரு சதுர மீட்டரில் தாங்கும் அழுத்தம், சிறிய பொதுச் சரக்குக் கப்பல்களைவிடக் குறைவு. இதனால்தான் அத்தகைய பெர்த்துகளில் விசையைப் பரவலாக்கும் அகன்ற முகப்புப் பலகைகள் பொருத்தப்படுகின்றன. மறுபுறம், பெரிய கப்பல்களுக்காக மிக உயரத்தில் அமைக்கப்படும் பலகையின் அடியில் சிறிய கலங்கள் சிக்கும் அபாயமும் உண்டு.

ரப்பரின் தரம்

வெப்பம் கூடும்போது ரப்பர் மென்மையடைந்து, உள்வாங்கும் ஆற்றல் குறைகிறது. வெயிலும் ஓசோனும் நாளடைவில் அதில் விரிசலை உண்டாக்கும். ஆகவே, தயாரிப்பாளரின் அட்டவணை எண்களை கொச்சியின் வெப்பநிலைக்கேற்பத் திருத்திப் பயன்படுத்துவது அவசியம். பரிசோதனைச் சான்றிதழை மூன்றாம் தரப்பு மேற்பார்வையில் பெறுவதும் தரத்தை உறுதிசெய்யும். விலையை மட்டுமே கருதும் டெண்டரில் இவை இரண்டும் விடுபடக்கூடும்.

எல்லையும் உண்டு

கட்டுப்பாடின்றி வரும் கப்பலை எந்த ஃபெண்டராலும் நிறுத்த முடியாது. 2020 ஏப்ரல் 6 அன்று தென்கொரியாவின் பூசான் துறைமுகத்தில் ‘மிலானோ பிரிட்ஜ்’ என்ற கன்டெய்னர் கப்பல் மோதி, ராட்சத கிரேன் சரிந்து விழுந்தது. பைலட்டின் திறன், இழுவைக் கப்பல்களின் வலு, வேகக் கட்டுப்பாடு ஆகியவை சரியாக இருந்தால் மட்டுமே ஃபெண்டர் தன் பணியைச் செய்ய முடியும்.

எனவே, ஃபெண்டர்களை மாற்றும் முன் துறைமுகங்கள் மூன்று விவரங்களைத் திரட்டியாக வேண்டும்: தற்போது வரும் மிகப் பெரிய, மிகச் சிறிய கப்பல்கள் எவை, அவை உண்மையில் எந்த வேகத்தில் அணைகின்றன, பெர்த்தின் தூண்கள் இன்று எவ்வளவு விசையைத் தாங்கும்? இந்த விவரங்கள் இல்லாமல் வாங்கப்படும் ஃபெண்டர், அளவில் எவ்வளவு பெரிதானாலும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது.