சட்டப் பாடம் சொந்த ஊரிலிருந்து தொடங்கட்டும்

1996-ஆம் ஆண்டு டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி ஒரு தீர்ப்பு வழங்கியது. சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் சிறுவர்கள் வேலை செய்வது குறித்து, தமிழ்நாடு அரசை எதிர்த்தரப்பாக்கி வழக்கறிஞர் எம்.சி.மேத்தா 1986-இல் தொடுத்த வழக்கு அது. அபாயகரமான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு சிறுவருக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும்; அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும், இயலாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும்; அந்த நிதியின் வட்டி குடும்பத்துக்குப் போக, பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும் என்று நீதிபதிகள் வழி சொன்னார்கள். அன்று பத்து வயதில் தீப்பெட்டி ஒட்டியவர்களுடைய பிள்ளைகள்தாம் இன்று ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சிவகாசியிலும் பள்ளியில் படிக்கிறார்கள். தீர்ப்பின் ஆங்கில மூலத்தை இணையத்தில் யாரும் காசில்லாமல் படிக்கலாம். ஆனால், நீதிமன்ற ஆங்கிலத்தில் நீளும் அந்தப் பக்கங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு எட்டாதவை. அவளுடைய ஆசிரியருக்கோ அதைப் பிரித்துத் தமிழில் தர நேரம் இருக்காது.

பள்ளியில் குடிமையியலும் சட்டமும் கற்பிக்க இணையத்தில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால், இந்தத் தீர்ப்பு போன்றவைதாம் இருக்க வேண்டும் என்பேன். மாணவரின் சொந்த மாவட்டத்தைத் தொட்ட சட்டங்கள், தீர்ப்புகள், மனுக்கள், அறிவிப்புகள் எல்லாம் எளிய தமிழில், சட்டம் படித்தவர் சரிபார்த்து, எந்தத் தேதி வரை செல்லும் என்று குறித்து, ஆசிரியர் அப்படியே வகுப்புக்கு எடுத்துச் செல்லும் வடிவில் கிடைக்க வேண்டும். அதை அரசே செய்து தர வேண்டும்.

இணையவழிப் பாடத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் அல்ல. 2017-இல் திக்‌ஷா தளம் வந்தது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடு (QR) அச்சிடப்பட்டது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சியும் 2023-இல் மணற்கேணி செயலியும் வந்தன. அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. இவ்வளவும் மெச்சத்தக்க உழைப்பு. ஆனால், இவற்றில் வரும் குடிமையியல் பாடநூலின் நிழலாகவே இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பாடநூலின் குடிமையியல் பகுதியில் அரசமைப்பு, மத்திய அரசு, மாநில அரசு, வெளியுறவுக் கொள்கை, பன்னாட்டு உறவுகள் என ஐந்து பாடங்கள். காணொலியும் அவற்றையே சொல்கிறது, பயிற்சி வினாவும் அவற்றிலிருந்தே வருகிறது. தேர்வுக்கு இது போதும். கல்வி உரிமை எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேட்டால் 21ஏ என்று பிள்ளைகள் சரியாக எழுதிவிடுவார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பதினான்கு வயதில் பள்ளியை நிறுத்தித் திருமணம் பேசுகிறார்கள் என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம், 2006-இன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அதைத் தடுக்கிறது என்பது அந்த விடைத்தாளுக்கு வெளியே நின்றுவிடுகிறது. விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் மாவட்டத் தலைநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சீனிவாசப் பெருமாளைக் காணக் கூட்டம் கூடும் திருவண்ணாமலை என்ற சிற்றூர் அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். அந்த ஊர்ப் பிள்ளைக்கு வெளியுறவுக் கொள்கை தெரிகிறது. தன் ஊருக்குப் பக்கத்து நீதிமன்றத்தில் என்ன நடக்கிறது, அங்கே தனக்கு இலவச சட்ட உதவி உண்டா என்பதை யாரும் சொல்வதில்லை. 1987-இன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் அந்த உதவியைத் தருகிறது.

இந்த வட்டாரத்தைச் சுற்றிவந்தாலே ஒரு சட்டப் பாடநூலுக்கான பொருள் கிடைக்கும். ராஜபாளையத்தில் நூற்பாலைகள், பக்கத்தில் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள். குறைந்தபட்சக் கூலி, வருங்கால வைப்பு நிதி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்களின் புகாரை விசாரிக்க 2013-இன் சட்டம் கேட்கும் உள்ளகக் குழு ஆகியவற்றை அந்த வீட்டுப் பிள்ளைகள் அம்மாவின் சம்பளச் சீட்டை வைத்தே படிக்கலாம். மேற்கே செண்பகத்தோப்பில் பளியர் குடியிருப்பு. அதைச் சுற்றியுள்ள காடு 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானது. காட்டுயிர்களைக் காக்கும் 1972-இன் சட்டமும், காட்டில் வாழ்வோரின் உரிமையைக் காக்கும் 2006-இன் சட்டமும் ஒரே மலையடிவாரத்தில் எதிரெதிராக நிற்கும் இடம் அது. இரண்டு நியாயங்கள் மோதும்போது சட்டம் எப்படி வழி தேடுகிறது என்பதைப் பதினைந்து வயதில் எண்ணிப் பார்க்க இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? ஊராட்சியின் கிராம சபை அறிவிப்பு, அதில் நிறைவேறிய தீர்மானத்தின் நகல், பத்து ரூபாய் கட்டணத்தில் எழுதப்படும் தகவல் உரிமை மனு, முப்பது நாளுக்குள் வர வேண்டிய அதன் பதில், நுகர்வோர் புகார் என ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி ஆவணம், அதை எப்படிப் படிப்பது என்ற இரண்டு பக்கக் குறிப்பு, மாணவர் தாமே ஒன்றை எழுதிப் பார்க்கும் பயிற்சி என இணையத்தில் வைத்துவிட்டால் ஆசிரியருக்கு அது பெரிய துணை. வழக்குகளை எடுக்கும்போது பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரோ அடையாளமோ எங்கும் வரக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமே அதைத் தடுத்திருக்கிறது என்பதும் பாடத்தின் ஒரு பகுதியாகட்டும்.

இதையெல்லாம் பாடநூலில் சேர்த்தால் போதாதா, இணையம் எதற்கு என்று கேட்கலாம். அச்சுப் புத்தகத்தைவிட வேகமாகச் சட்டம் மாறுகிறது. கொலைக் குற்றம் என்றால் 302 என்று தமிழ்த் திரைப்படம் பார்த்த எல்லோருக்கும் தெரியும். 2024 ஜூலை 1-இல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபின் கொலைக்கான பிரிவு 103. புதிய சட்டத்தின் 302-ஆம் பிரிவு, மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவதைப் பற்றியது. கிராம சபை ஆண்டுக்கு நான்கு முறை என்று படித்தவர்களுக்கு, 2022 முதல் உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆறாகிவிட்டது தெரிய வேண்டும். முதலில் சொன்ன தீர்ப்புகூட அப்படியே இன்று செல்லாது. அபாயமில்லாத வேலையில் சிறுவரை நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மிகாமல் வைத்துக்கொள்ளலாம், இரண்டு மணி நேரம் படிக்க வைக்க வேண்டும் என்று அது அனுமதித்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு வந்த 2016-இன் திருத்தம், குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, பதினான்கு வயதுக்குட்பட்டோரின் வேலை முழுவதையும் தடை செய்தது. வெடிபொருள் போன்ற அபாயத் தொழில்களில் பதினெட்டு வயதுவரை சேர்க்கக் கூடாது என்றும் ஆக்கியது. தீர்ப்பையும் திருத்தத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் மாணவி, சட்டம் எப்படி வளர்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறாள். ஆனால் இணையத்துக்கென்று ஒரு நோயும் உண்டு. பழைய காணொலி சாவதில்லை. பத்தாண்டுக்கு முந்தைய சட்ட விளக்கமும் நேற்றைய விளக்கமும் தேடலில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆகவேதான் ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலும் அது கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதியும் சரிபார்த்தவரின் பொறுப்பும் இருக்க வேண்டும் என்கிறேன். சட்டத்தைத் தவறாகச் சொல்லிக்கொடுப்பது சொல்லிக்கொடுக்காமல் விடுவதைவிடக் கெடுதல்.

உலகில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர், ஓய்வுக்குப் பின் 2009-இல் தொடங்கிய முயற்சி ‘ஐசிவிக்ஸ்’ என்ற தளமாக வளர்ந்தது. அங்கே பிள்ளைகள் விளையாட்டாகவே வழக்கு நடத்திப் பழகுகிறார்கள். இந்தியச் சட்டங்களை எளிமையாகச் சொல்ல ‘நியாயா’ போன்ற தளங்கள் இருக்கின்றன. உச்ச நீதிமன்றம் அரசமைப்பு அமர்வின் விசாரணைகளை 2022 செப்டம்பர் முதல் நேரலையாகக் காட்டுகிறது. இவ்வளவு இருக்க அரசு வேறு ஏன் மெனக்கெட வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். அமெரிக்கப் பிள்ளையின் உரிமை அந்நாட்டு அரசமைப்பிலிருந்து வருகிறது. நமக்கு அது கதை. தில்லியிலிருந்து எழுதப்படும் விளக்கத்துக்குத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமோ இங்குள்ள பள்ளி மேலாண்மைக் குழுவோ கண்ணில் படாது. தனியார் காணொலிகளில் சில நன்றாக இருக்கின்றன. ஆனால், தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்று தெரியாத ஒன்றை வகுப்பறையில் ஓட்ட எந்தத் தலைமை ஆசிரியரும் தயங்குவார். அந்தத் தயக்கம் சரியானது.

வெளியே சொல்லப்படாத தயக்கம் வேறொன்று. பிள்ளைகளுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தால் முதல் புகார் ஆசிரியர் மீதே வரும் என்ற அச்சம் பல பள்ளிகளில் இருக்கிறது. இதை ஒதுக்கிவிட முடியாது. பொய்ப் புகாரில் ஒரு ஆசிரியர் பெயர் கெட்டால் அதை மீட்பது எளிதல்ல. ஆனாலும் சட்டம் தெரியாமல் இருப்பதால் ஆசிரியர்தான் முதலில் சிக்குகிறார். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி குழந்தைக்கு நேர்ந்த பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் 21-ஆம் பிரிவு தண்டிக்கிறது. பள்ளியின் பெயர் கெடக் கூடாது என்று நல்லெண்ணத்தில் பேசி முடித்துவைத்தவர்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேர்வது இதனால்தான். பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டியும் 14417 உதவி எண்ணும் வந்துவிட்ட பிறகு புகாருக்கான கதவு எப்படியும் திறந்துதான் இருக்கிறது. எது புகார், எது வம்பு, ஆதாரம் என்றால் என்ன, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உரிமை உண்டு என்பதையெல்லாம் படித்த மாணவரிடமிருந்துதான் ஆசிரியருக்குப் பாதுகாப்பு. முதல் பாடத் தொகுப்பு ஆசிரியர்களுக்கானதாகவே இருக்கட்டும்.

சட்டம் பேசினால் அரசியல் நுழையும் என்பார்கள். சாதி ஏற்கெனவே நுழைந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டனர்; வெட்டியவர்களில் அவனோடு படித்தவர்களும் இருந்தனர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. கயிற்றை அறுக்க உத்தரவு போதும். அதை ஏன் கட்டக் கூடாது என்று மாணவனே உணர, தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் 17-ஆம் பிரிவையும் 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் யாராவது அவனோடு உட்கார்ந்து பேச வேண்டும். இது கட்சி அரசியல் அல்ல.

இணைய வசதி எல்லாப் பிள்ளைக்கும் இல்லை என்ற மறுப்பு மற்றவற்றைவிடக் கனமானது. வீட்டில் ஒரே கைபேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ஆகவே மாணவர் தனியே பார்க்கும் செயலியாக இதை அமைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆசிரியர் இறக்கி அச்சிட்டு வகுப்பில் கொடுக்கும் தாளாக, சிறிய கோப்பாக இருக்க வேண்டும். நம் பக்கத்து மாவட்டம்போல இருக்கும் கேரளத்தின் கொல்லம் காட்டிய வழி இதற்கு உதவும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகப் போகும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை செங்கோட்டை தாண்டிக் கொல்லத்தில்தான் முடிகிறது. 2023 ஜனவரியில் கொல்லம் இந்தியாவின் முதல் அரசமைப்பு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. பத்து வயதுக்கு மேற்பட்டோருக்கு அரசமைப்பைச் சொல்லித்தர, ‘செனட்டர்’ என்று பெயரிடப்பட்ட பயிற்றுநர்கள் வீடு, வேலைத்தலம் என்று தேடிப் போனார்கள். அங்கே பாடப் பொருளைவிட அதைக் கையில் எடுத்துச் சென்ற ஆட்கள்தாம் காரியத்தை முடித்தார்கள். நம்மிடம் அந்த ஆட்கள் ஏற்கெனவே சம்பளத்தில் இருக்கிறார்கள்: சமூக அறிவியல் ஆசிரியர்கள். கையில் கொடுக்கப் பொருள்தான் இல்லை.

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனமும் மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இது ஓராண்டு வேலை. மணற்கேணியிலேயே மாவட்டத்துக்கு ஒரு பகுதி ஒதுக்கலாம். புதிய தளம் தேவையில்லை. அதுவரை இந்த வட்டாரம் காத்திருக்கவும் வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. சட்ட விழிப்புணர்வைப் பரப்புவது அதன் கடமைகளில் ஒன்று. அங்குள்ள வழக்கறிஞர்கள் ஆளுக்கு ஒரு சட்டத்தை எடுத்து இரண்டு பக்கத் தமிழில் எழுதித் தரட்டும், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசிரியர்கள் அதை வகுப்பில் நடத்திப் பார்த்துத் திருத்தட்டும். வரும் நவம்பர் 26, அரசமைப்பு நாளன்று, முகவுரை வாசிப்பு முடிந்ததும் மாவட்டத்தின் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் அவற்றில் ஒன்றையாவது பாடமாக நடத்த மாவட்ட ஆட்சியரும் முதன்மைக் கல்வி அலுவலரும் ஏற்பாடு செய்ய வேண்டும்.