எண்ணெய் முள் பொய் சொல்லுகிறதா?

காடி வைத்திருக்கும் அன்பர்களே, இந்த முறை பானட்டைத் திறக்க வேண்டாம். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, எதிரே இருக்கும் எண்ணெய் முள்ளைக் கொஞ்சம் கவனிப்போம்.

தோட்டத்து லயங்களிலும் தாமான் வீடுகளிலும் நிற்கும் பழைய காடிகளில் சில, ஒரு காலத்தில் டாக்சியாக ஓடியவை. பெட்ரோலிலும் ஓடும், என்ஜிவி என்ற இயற்கை எரிவாயுவிலும் ஓடும். 2025 ஜூலை 1 முதல் மலேசியாவில் அந்த எரிவாயு விற்பனை நின்றுவிட்டது. இனி அந்தக் காடிகளுக்குப் பெட்ரோல் ஒன்றுதான் கதி.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கேஸில் ஓடிய காலத்தில் பெட்ரோல் முள்ளை யார் பார்த்தார்கள்? காலையில் ஸ்டார்ட் செய்யக் கொஞ்சம், கேஸ் தீர்ந்தால் அடுத்த நிலையம் வரை போகக் கொஞ்சம், அவ்வளவுதான். முள் வேலை செய்யாவிட்டாலும் பிழைப்பு ஓடியது. இன்று அது பாதி டாங்கி என்று காட்டும். அதை நம்பி, நடு இரவில் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவீர்கள். செம்பனைக் காட்டு நடுவே எஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றுவிடும்.

கேஸ் அளவும் பெட்ரோல் அளவும் ஒரே மாதிரி அளக்கப்படுவதில்லை. கேஸ் தோம்பில் மிதவை கிடையாது, அழுத்தத்தைத்தான் அளப்பார்கள். நிரம்பிய தோம்பில் ஏறக்குறைய 200 பார் அழுத்தம் இருக்கும். வேகமாக நிரப்பும்போது கேஸ் சூடாகும். ஆறியதும் அழுத்தம் இறங்கி, சுவிட்சில் ஒரு பச்சை விளக்கு அணையும். கேஸ் கசிகிறது என்று பலர் அப்போது பயந்ததற்கு இதுவே காரணம். பெட்ரோல் டாங்கியிலோ ஒரு மிதவை. அது ஏறி இறங்க, அதன் கை ஒரு மின்தடைத் தகட்டின் மேல் உரசி நகரும். அங்கிருந்து ஒரு வயர் முள்ளுக்கு வருகிறது. ஆக, கெட்டுப்போகக்கூடிய இடங்கள் மூன்று: மிதவைக் கருவி, வயர், மீட்டர். எது கெட்டது என்று தெரியாமல் புது மீட்டர் வாங்குவது வீண் செலவு.

எண்ணெய் முள்ளும் சூட்டு முள்ளும் ஒரே நேரத்தில் தாறுமாறாக ஆடினால் டாங்கியைத் தொடாதீர்கள். பியூஸ், டாஷ்போர்டின் எர்த் வயர், பழைய காடியானால் மீட்டருக்குச் சீரான மின்சாரம் தரும் சின்னக் கருவி, இவற்றில்தான் கோளாறு இருக்கும். எண்ணெய் முள் மட்டும் செத்திருந்தால், டாங்கிக்குப் போகும் பிளக்கைத் தேடுங்கள். பல காடிகளில் அது பின் இருக்கைக்கு அடியில் இருக்கும். சாவியை அணைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றி, மீட்டருக்குப் போகும் வயரை ஒரு சின்ன டெஸ்ட் பல்பு வழியாகக் காடியின் பாடியோடு இணையுங்கள். அதன் பிறகே சாவியைப் போட வேண்டும். வயரை நேராகப் பாடியில் வைத்து அழுத்தினால் மீட்டர் கருகக்கூடும். சாவி போட்டபடி தொட்டால் பொறி பறக்கும். பக்கத்தில் இருப்பது பெட்ரோல் டாங்கி, சிகரெட்டைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்!

முள் மெதுவாக நகர்ந்தால் மீட்டரும் வயரும் நலம், பழுது டாங்கிக்குள். எப்போதும் கால் டாங்கியோடு ஓடிய காடியில், மிதவையின் கை அந்த ஓர் இடத்திலேயே உரசி உரசித் தகடு தேய்ந்திருக்கலாம். அதைக் கழற்றும் வேலையைப் போர்மனிடம் விடுங்கள். பெட்ரோல் பம்பையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். டாங்கிக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பது பெட்ரோல்தான். வற்றிய டாங்கியில் கிடந்த பம்பு சீக்கிரம் போய்விடும்.

முள் நகரவே இல்லையென்றால் வயரை முதலில் பாருங்கள். கேஸ் கிட் பொருத்தியபோது வெட்டி ஒட்டிய இடங்கள் துரு ஏறியிருக்கும். வயர் நன்றாக இருந்தால்தான் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

தனி மீட்டர் வாங்கிப் பொருத்துவதானால் கடைக்காரரிடம் விலைக்கு முன் ஓம் கணக்கைக் கேளுங்கள். சில மீட்டர்களுக்குக் காலி 10 ஓம், நிறைவு 180 ஓம். வேறு சிலவற்றுக்குத் தலைகீழ்: காலி 240, நிறைவு 33. உங்கள் மிதவைக்கு ஒவ்வாததை மாட்டினால் காலி டாங்கியை நிறைவு என்று காட்டும். முள் இல்லாததே அதைவிட மேல்.

எல்லாம் சரியான பின் டாங்கியை நிரப்பி, ஓடும் கிலோமீட்டரைக் குறித்து, ஒவ்வொரு 50 கிலோமீட்டருக்கும் முள் நிற்கும் இடத்தை எழுதி வையுங்கள். மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்தால், முள்ளின் குணம் தெரிந்துவிடும்.

தோம்பைக் கழற்றிய சில காடிகளில் அந்தப் பச்சை விளக்குச் சுவிட்சு மட்டும் இன்னும் டாஷ்போர்டில் இருக்கிறது. புதிதாக ஓட்டப் பழகும் பிள்ளை அதைப் பெட்ரோல் அளவு என்று நினைத்துவிடப் போகிறது. அதையும் கழற்றிவிடச் சொல்லுங்கள்.