ஸ்டாண்ட் மிக்ஸர் வாங்கப் போறீங்களா? வாட்ஸைப் பார்க்காதீங்க... மாவைக் கணக்குப் போடுங்க!

"கண்ணு, மெஷின்ல கருகுன வாசம் வருது. ஆஃப் பண்ணிட்டேன். நாளைக்குக் காலைல அறுபது பன் குடுக்கணும். இப்ப என்ன பண்றது?"

ஈரோட்டிலிருந்து சித்தி போன் செய்தபோது ராத்திரி ஒன்பது மணி. சித்தி வீட்டிலேயே பன்னும் பிரெட்டும் செய்து அக்கம்பக்கத்தில் விற்கிறார். இரண்டு வருடங்களாகக் கையால்தான் பிசைந்துகொண்டிருந்தார். மணிக்கட்டு வலி தாங்க முடியாமல், பன் விற்ற காசில் சிறுகச் சிறுகச் சேர்த்த 9,000 ரூபாயைப் போட்டு ஒரு ஸ்டாண்ட் மிக்ஸர் வாங்கினார். வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

அந்த மெஷினைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே நான்தான். "1,200 வாட்ஸ் சித்தி, 5 லிட்டர் பவுல். இந்த விலைக்கு இதுதான் பெஸ்ட்" என்று லிங்க் அனுப்பியிருந்தேன்.

அன்று ராத்திரி சித்தியும் சித்தப்பாவும் மாறி மாறிக் கையால் பிசைந்து அறுபது பன்னையும் கொடுத்துவிட்டார்கள். மெஷினை சர்வீஸுக்குக் கொண்டுபோனால், 'ஓவர்லோடு, வாரன்டியில் வராது' என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் அதனுடன் வந்த கையேட்டை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். கடைசிக்கு முந்தைய பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி: பிரெட் மாவு என்றால் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 500 கிராம் மைதா.

சித்தி போட்டது ஒரு கிலோ.

இந்த வாரம் நான் எழுத வந்தது அந்த ஒரு வரியைப் பற்றித்தான். வீட்டில் பிரெட் செய்ய ஸ்டாண்ட் மிக்ஸர் வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

வாட்ஸ் என்ன சொல்கிறது?

வாட்ஸ் என்பது அந்த மெஷின் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதற்கான கணக்கு. மாவைப் பிசையும் கொக்கிக்கு எவ்வளவு பலம் போய்ச் சேருகிறது என்பது வேறு கணக்கு. நடுவில் கியர் இருக்கிறது, மோட்டாரின் தரம் இருக்கிறது. பாதி மின்சாரம் வெறும் சூடாகவும் சத்தமாகவும் போய்விடலாம்.

ஓர் உதாரணம். உலகம் முழுக்க வீட்டு பேக்கர்கள் கொண்டாடும் கிச்சன்எய்டு ஆர்ட்டிசன் மெஷின், நம்மூர் மின்சாரத்துக்கான மாடலில் வெறும் 300 வாட்ஸ்தான். அது பிரெட் மாவைப் பிசைகிறது. 1,200 வாட்ஸ் என்று அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்ட மெஷின் மூச்சு வாங்குகிறது. ஆகவே வாட்ஸை மட்டும் வைத்து இரண்டு மெஷின்களை ஒப்பிடாதீர்கள். நான் செய்த முதல் தப்பு அதுதான்.

இரண்டாவது தப்பு, லிட்டர். 5 லிட்டர் பவுல் என்றால் 5 லிட்டர் அளவுக்கு எதையும் போடலாம் என்று அர்த்தமில்லை. கேக் மாவும், முட்டை வெள்ளைக்கருவும் இளக்கமானவை. கொக்கிக்கு வேலையே இல்லை. பிரெட் மாவோ ரப்பர் மாதிரி இழுத்துப் பிடிக்கும். அதே பவுலில் கேக்குக்கு ஓர் அளவு, பிரெட்டுக்கு அதைவிடக் குறைவான அளவு.

முதலில் உங்கள் மாவைக் கணக்குப் போடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு பேப்பரில் எழுதுங்கள். ஒரு தடவைக்கு எவ்வளவு பிசைவீர்கள்?

500 கிராம் மைதாவுக்கு சுமார் 325 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் உலர் ஈஸ்ட், கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய். எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ 880 கிராம் மாவு. இதில் சாதாரண அளவில் இரண்டு பிரெட் வரும். பன்னாக உருட்டினால் சுமார் 15 வரும்.

நான்கு பேர் உள்ள வீட்டில் வாரம் ஒருமுறை பிரெட் என்றால் இந்த அளவே தாராளம். சித்தி மாதிரி அறுபது பன் என்றால் 2 கிலோ மைதா. இந்த இரண்டு வீட்டுக்கும் ஒரே மெஷினைச் சிபாரிசு செய்யவே முடியாது.

கோதுமை மாவு பிரெட் செய்பவர்களும், 'அப்படியே சப்பாத்தி மாவும் பிசைந்துகொள்ளலாம்' என்று நினைப்பவர்களும் இன்னும் கவனம். சப்பாத்தி மாவு பிரெட் மாவைவிட இறுக்கம். மோட்டாருக்குச் சுமை கூடும். கையேட்டில் சொன்ன அளவிலும் முக்கால்வாசியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

"ஒரு தடவைக்கு எத்தனை கிராம் மைதா பிசையலாம்?" இதுதான் முதல் கேள்வி. கடைக்காரர் லிட்டரில் பதில் சொன்னால், கையேட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஆன்லைனில் வாங்குபவர்கள் கம்பெனியின் இணையதளத்தில் கையேடு இருக்கிறதா என்று தேடுங்கள். எங்குமே அந்த அளவு இல்லையென்றால், அந்த மெஷின் கேக்குக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"தொடர்ந்து எத்தனை நிமிஷம் ஓடலாம்?" பல மெஷின்களுக்கு ஐந்து, பத்து நிமிஷம் என்று எல்லை இருக்கும். பிறகு ஆறவிட வேண்டும். மோட்டாரைக் குளிரவைக்கும் விசிறியும் மோட்டாரோடுதான் சுற்றுகிறது. கனமான மாவில் மோட்டார் திணறும்போது விசிறியும் மெதுவாகிவிடும். சூடு ஏறுவது அப்போதுதான்.

"மெஷின் எத்தனை கிலோ?" இங்கே கனம் நல்லது. கிச்சன்எய்டு ஆர்ட்டிசன் பத்து கிலோவுக்கு மேல் இருக்கும். லேசான மெஷின், மாவு பிசையும்போது மேடையில் நடக்க ஆரம்பித்துவிடும். அதை ஓடவிட்டு குழந்தையைப் பார்க்கப் போனால், திரும்பி வருவதற்குள் அது தரையில் கிடக்கலாம். தலையைத் தூக்கும் வகை மெஷின் என்றால், தலை குதிக்காமல் பிடித்துக்கொள்ளும் லாக் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

"கொக்கியும் கியரும் நம்ம ஊரிலேயே கிடைக்குமா?" ஒரு சின்ன பல்சக்கரத்துக்காக மெஷினை வேறு ஊருக்குப் பார்சல் அனுப்பிவிட்டு ஒரு மாதம் காத்திருக்க, ஆர்டர் எடுத்துச் செய்பவர்களால் முடியாது.

'அமெரிக்காவிலிருந்து அண்ணன் வாங்கிட்டு வர்றான்'

இது நிறைய வீடுகளில் நடப்பதுதான். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். பிளக்கை மாற்றும் சின்ன அடாப்டரைப் போட்டு அப்படியே சொருகினால் மோட்டார் புகைந்துவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதற்குத் தனிச் செலவு, தனி இடம். அங்கே வாங்கிய பொருளின் வாரன்டி இங்கே பெரும்பாலும் செல்லாது. அண்ணனிடம் வேறு ஏதாவது வாங்கிவரச் சொல்லிவிடுங்கள்.

இந்த மெஷின் பிறந்ததே பிரெட்டுக்காகத்தான்

1908-ல் அமெரிக்காவின் ஹோபார்ட் கம்பெனி இன்ஜினீயர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன், பேக்கரி ஒன்றில் ஒருவர் இரும்புக் கரண்டியால் மாவைப் போராடிக் கிளறுவதைப் பார்த்தார். அதிலிருந்து பிறந்த யோசனை, 1914-ல் சுமார் 75 லிட்டர் பாத்திரத்தோடு பேக்கரி மெஷினாக வந்தது. வீட்டுக்கான சின்ன மெஷின் 1919-ல்தான் வந்தது. அதன் பெயர்தான் கிச்சன்எய்டு.

அதில் கொக்கி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, பாத்திரத்தையும் சுற்றி வரும். பூமி சூரியனைச் சுற்றுகிற மாதிரி. 'பிளானட்டரி மிக்ஸர்' என்று சொல்வது இதனால்தான். பேக்கரிகளில் இருக்கும் 'ஸ்பைரல் மிக்ஸர்' வேறு. அதில் பாத்திரமும் சுற்றும். பிரெட் மாவுக்கென்றே செய்த மெஷின் அது. தினமும் கிலோ கணக்கில் பிசைகிறவர்கள், இரண்டாவது வீட்டு மிக்ஸருக்குப் பணம் போடுவதற்கு முன்னால் சின்ன ஸ்பைரல் மிக்ஸரை ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

கிரைண்டரை மறந்துவிட்டீர்களே!

மாதம் ஒருமுறை ஆசைக்கு பிரெட் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு டேபிள்டாப் கிரைண்டர் வாங்கியபோது கூடவே ஒரு சப்பாத்தி மாவு பிசையும் பாகம் வந்ததா? பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து பரணில் கிடக்கும். கல்லை எடுத்துவிட்டு அதைப் பொருத்தினால் பிரெட் மாவும் பிசையும். எவ்வளவு போடலாம் என்று அதன் கையேட்டில் பார்த்துவிட்டு, முதலில் அதில் செய்து பாருங்கள். அதன் பிறகும் ஆசை தீரவில்லையென்றால் மிக்ஸர் வாங்கலாம்.

மெஷினுக்கு வேலையைக் குறைக்க...

மைதாவையும் தண்ணீரையும் சேர்த்து, ஈரம் படும்வரை கலந்து, மூடி 20 முதல் 30 நிமிஷம் விட்டுவிடுங்கள். மாவு தானாகவே இழுவைத்தன்மை பெறும். பிறகு ஈஸ்ட்டையும் உப்பையும் சேர்த்துப் பிசைந்தால் சீக்கிரமே முடிந்துவிடும். பிரான்ஸின் பிரெட் நிபுணர் ரேமண்ட் கால்வெல் பிரபலமாக்கிய முறை இது. கையால் பிசைகிறவர்களுக்கு இன்னும் பெரிய உதவி.

மெதுவான வேகத்திலேயே பிசையுங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று வேகத்தைக் கூட்டினால் கியர்தான் அடிவாங்கும். மெஷின் பிசையும்போது உராய்வில் மாவும் சூடாகும். நம்மூர் வெயிலில் அது இன்னும் சிக்கல். மாவு சூடானால் ஈஸ்ட் அவசரப்பட்டுப் பொங்கி, ருசி குறைந்துவிடும். அதனால் கோடையில் ஃபிரிட்ஜ் தண்ணீர் ஊற்றிப் பிசையுங்கள்.

போதுமா என்று பார்க்க, ஒரு நெல்லிக்காய் அளவு மாவைக் கிள்ளி, விரல்களால் மெல்ல விரியுங்கள். கிழியாமல், வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக விரிந்தால் மாவு தயார்.

சித்தியின் மெஷின் என்ன ஆனது?

கைக்காசைப் போட்டு மோட்டாரைச் சரிசெய்தாயிற்று. அந்தப் பணத்தை நான் கொடுக்கிறேன் என்றேன். சித்தி வாங்கவில்லை. "நீ லிங்க்தானே அனுப்புன, ஒரு கிலோவைக் கொட்டுனது நாந்தானே" என்று சிரித்தார்.

இப்போது அதே மெஷினில் நான்கு தடவையாக அரை அரைக் கிலோ பிசைகிறார். ஒன்று பிசைந்து ஆறுவதற்குள் அடுத்தது பாத்திரத்தில் ஊறிக்கொண்டிருக்கும். முன்பைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகிறது. ஆனால் மணிக்கட்டு வலி குறைந்திருக்கிறது. கருகல் வாசமும் இல்லை. ஆர்டர் இன்னும் கூடினால் ஸ்பைரல் மிக்ஸர் வாங்க வேண்டும் என்று, பன் விற்ற காசை மறுபடியும் சேர்க்க ஆரம்பித்திருக்கிறார்.

இந்த முறை, "லிங்க் அனுப்பாத கண்ணு, அந்தக் கையேட்டை அனுப்பு" என்று சொல்லிவிட்டார்.