ஜப்பான் கோவிலைப் பார்த்தவர் பக்கத்து ஊர்க் கிளியைப் பார்க்கவில்லை!

ராஜபாளையத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் ஜப்பானில் வேலை பார்க்கிறான். போன வருஷம் மகனைப் பார்க்கப் போய் வந்தார். அன்று முதல் வாயைத் திறந்தால் ஜப்பான்தான்.

டீக்கடையில் உட்கார்ந்தால் "ஹோரியூஜி" என்பார். பஸ்சுக்கு நிற்கும்போதும் "ஹோரியூஜி" என்பார்.

"அது என்னய்யா, பலகாரமா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டோம்.

பலகாரம் இல்லை, கோவில்! நாரா நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள புத்தர் கோவில். கி.பி. 607-ல் ஷோட்டோகு என்ற இளவரசர் கட்டியது. 670-ல் அது தீயில் எரிந்து போயிற்று. பிறகு மறுபடியும் கட்டினார்கள். அப்படிக் கட்டியதற்கே சுமார் 1,300 வயது ஆகிறது. இன்று உலகத்தில் நிற்கிற மரக் கட்டிடங்களில் மிகப் பழையவை அங்கேதான் இருக்கின்றன. ஐந்து அடுக்குக் கோபுரம், 100 அடிக்கு மேல் உயரம். எல்லாம் மரம்!

பூகம்பம் வருகிற நாட்டில் மரக் கோபுரம் எப்படி நிற்கிறது?

தச்சர்கள் கைவிடவில்லை. அதனால் நிற்கிறது. 1934-ல் பெரிய பழுது வேலை ஒன்று தொடங்கினார்கள். கட்டிடங்களைப் பிரித்தார்கள். உளுத்த கட்டையை எடுத்துவிட்டுப் புதுக் கட்டை சேர்த்தார்கள். மறுபடியும் கோத்தார்கள். அதில் வேலை செய்தவர்களில் ஒருவர் நிஷியோகா என்ற தச்சர். அவருடைய தாத்தாவும் அந்தக் கோவில் தச்சர்தான். அந்தத் தாத்தா ஒரு காரியம் செய்தார். தச்சு பழக வேண்டிய பேரனை விவசாயப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்! மண்ணைத் தெரிந்தவனுக்குத்தான் மரம் தெரியும் என்பது அவர் கணக்கு.

1949 ஜனவரி 26-ந் தேதி அங்கே தீப்பிடித்தது. பழைய சுவர் ஓவியங்கள் கருகிப் போயின. அடுத்த ஆண்டே ஜப்பானில் ஒரு சட்டம் வந்தது. பழைய கட்டிடங்களை மட்டும் அல்ல, பழைய கலைகளையும் கைத்தொழில்களையும் காப்பாற்ற வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எழுதினார்கள்.

நண்பர் இதையெல்லாம் சொல்லி முடித்தார். நான் ஒரு கேள்வி கேட்டேன்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையில் ஒரு கிளி இருக்கிறதே, அது எதில் செய்தது?"

நண்பர் யோசித்தார். "தங்கமாக இருக்கும்" என்றார்.

அறுபது வருஷமாக ராஜபாளையத்தில் இருப்பவர்! ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கிலோமீட்டர்தான். அவரைச் சொல்லி என்ன? ஐந்து வருஷத்துக்கு முன்பு கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

மறுநாளே நண்பர்கள் நாலு பேர் பஸ் ஏறினோம். ஒருவர் தன் பேத்தியையும் கூட்டி வந்தார். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற சுட்டிப் பெண்.

ஊர் நெருங்கும்போதே கோபுரம் தெரிந்தது. 11 நிலை, 190 அடிக்கு மேல் உயரம். தமிழக அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். மதுரைக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்தச் சண்டை இருக்கட்டும்.

கோபுரத்தைப் பார்த்த நண்பர் விறுவிறு என்று உள்ளே நடந்தார். வடபத்ரசாயி சன்னிதி மண்டபத்தில் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "அண்ணாந்து பாரும்" என்றேன்.

மேலே தேக்கு மரம்! பலகை பலகையாகச் செதுக்கிய சிற்பங்கள். திருமாலின் அவதாரங்கள், புராணக் கதைகள். நண்பர் கழுத்து வலிக்கிற வரை பார்த்தார்.

"ஜப்பானில் டிக்கெட் எடுத்தேன், அதனால் பார்த்தேன். இங்கே சும்மா கிடைத்தது, பார்க்காமலே இருந்துவிட்டேன்" என்றார்.

ஆண்டாள் சன்னிதிக்குப் போனோம். நடுவில் ரெங்கமன்னார். ஒரு பக்கம் ஆண்டாள், மறு பக்கம் கருடன். ஆண்டாளின் இடது கையில் பச்சைக் கிளி.

தங்கம் இல்லை. இலையும் பூவும்!

மாதுளம்பூதான் மூக்கு. உடம்பு மரவள்ளி இலை. சிறகுக்கு நந்தியாவட்டை இலை, வாலுக்கு அரளி மொட்டு. கட்டுவது வாழை நாரால். தினமும் ஒரு புதுக் கிளி! ஒரு கிளி செய்ய நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. புரட்டாசியில் ஆண்டாள் சூடிய மாலை திருப்பதிக்குப் போகும்போது, கிளியும் கூடவே போகிறது.

"தாத்தா, நேத்துக் கிளி எங்கே?" என்றாள் பேத்தி.

"யாராவது பக்தருக்குக் கொடுத்திருப்பார்கள்" என்றார் தாத்தா.

"அப்போ நாளைக்குக் கிளி?"

"நாளைக்குச் செய்வார்கள்."

"யாரு?"

தாத்தா என்னைப் பார்த்தார்.

இந்தக் கேள்விதான் என்னை எழுத வைத்தது. கோபுரத்துக்கு வர்ணம் அடித்துவிட்டால் கோவிலைக் காப்பாற்றிவிட்டதாக நாம் நினைக்கிறோம். கல் கோபுரம் பல நூறு வருஷம் நிற்கும். கிளி அப்படி இல்லை. ஒரு நாள் கை சும்மா இருந்தால், அன்று கிளி இல்லை. கட்டுகிற கைக்கு வயது ஆகும். பக்கத்தில் உட்கார்ந்து பழகச் சின்னக் கை வேண்டாமா? கம்ப்யூட்டர் படித்த பிள்ளைக்கு நாம் கொடுக்கிற மரியாதையில் பாதியாவது, பூக் கட்டுகிற பிள்ளைக்குக் கொடுக்கிறோமா? பெண் கொடுப்போமா?

பெரியாழ்வாரே நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்தவர். ஆண்டாள் கிடைத்ததே துளசிச் செடியின் அடியில் என்பார்கள். மண்வெட்டி பிடித்த கைதான் இந்த ஊருக்குப் பெருமை தந்தது. ஜப்பான் தாத்தா பேரனுக்குக் காட்டியதும் அந்த மண்ணைத்தானே!

"இது பரம்பரை வேலை, வெளியார் செய்யக்கூடாது" என்று சிலர் சொல்லலாம். சரி. சன்னிதிக்குப் போகும் கிளியை உரியவர்களே கட்டட்டும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன! கைவேலை வகுப்பில் ஒரு இலைக் கிளி செய்யக் கற்றுக் கொடுத்தால் என்ன? ஐம்பது பிள்ளைகள் கோணலாகச் செய்யட்டும். ஒரு பிள்ளை ஒழுங்காகச் செய்யும். அது செய்கிற கிளி சன்னிதிக்குப் போக வேண்டாம். நாலு மணி நேர வேலை என்றால் என்ன என்று அதற்குத் தெரிந்தால் போதும்.

திரும்பும்போது பஸ்சில் பேத்தி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஒரு வேப்பிலைக் கொத்தை மடக்கி மடக்கிப் பார்த்தாள். மூக்கு மட்டும் வரவே இல்லை.

பஸ் கிளம்பிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஜப்பான் நண்பர் தலையில் கை வைத்தார். வீட்டில் பால்கோவா வாங்கி வரச் சொல்லியிருந்தார்களாம்!

அடுத்த நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினோம்.